புடவையில் கத்தரி வைப்பதா?

உங்கள் வீட்டுப் பீரோவின் அடித்தட்டைக் கடைசியாக எப்போது குடைந்து பார்த்தீர்கள்? மேல்தட்டைச் சொல்லவில்லை. அது விசேஷங்களுக்குக் கட்டிக்கொள்ளும் புடவைகளின் ராஜ்யம். அதற்குப் போக்குவரத்து உண்டு. நடுத்தட்டு தினசரிப் புழக்கத்துக்கு. அடித்தட்டு இருக்கிறதே, அதுதான் சங்கடமான இடம். கட்டிக்கொள்ள முடியாது, கொடுத்துவிடவும் மனசு வராது என்று ஆகிவிட்ட புடவைகளெல்லாம் அங்கேதான் அடைக்கலம் புகுந்திருக்கும். முன்பெல்லாம் "பழைய புடவைக்குப் பாத்திரம்!" என்று தெருவில் குரல் கேட்கும். ஒரு புடவையைப் போட்டு ஒரு எவர்சில்வர் கிண்ணியை வாங்கிக்கொண்டு, "ஏமாந்துவிட்டோமோ?" என்று ஒரு வாரம் யோசித்துக்கொண்டிருப்போம். எங்கள் தெருவில் இப்போது அந்தக் குரலும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் அடித்தட்டு மாத்திரமல்ல, பீரோ முழுவதுமே அப்படி ஆகிவிட்டது. போன ஆடி மாதம் அம்மா காலமானாள். 29 வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரம்மாவாக இருந்தவள். அவள் விட்டுப்போன புடவைகள் 41. அதில் பட்டு 7. மற்ற 34ம் பருத்தி. சாக்குக்கட்டித் தூள் படிந்தாலும் உதறினால் போய்விடும் என்பதற்காகவே அவள் பருத்திதான் கட்டுவாள். பீரோச் சாவியை அப்பா தம் சட்டைப்பையிலே போட்டுக்கொண்டுவிட்டார். யாரும் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

ஆனால் அபிப்பிராயங்களுக்குக் குறைவில்லை. "நாள் பார்த்து நாலு பேருக்குக் கொடுத்துவிடு. அதுதான் புண்ணியம்" என்றாள் அத்தை. கோயமுத்தூரிலிருந்து அக்கா டெலிபோனில், "ஒன்றையும் தொடாதே. எல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றாள். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியான தங்கையோ, "அம்மா புடவையிலே எனக்கு ஒரு போர்வை தைத்துக் கொடேன், அக்கா!" என்றாள். இதைக் கேட்டதும் அத்தைக்கு வந்ததே கோபம்! "சுமங்கலியாகப் போனவள் புடவையிலே கத்தரி வைக்கிறதாவது! எந்த ஊர் வழக்கம்டி இது?" என்றாள்.

அத்தையின் கேள்வி நியாயமான கேள்விதான். எந்த ஊர் வழக்கம் என்று தேடிக்கொண்டு போனேன். பத்திரிகைக் காரியாலயத்தில் சம்பளம் வாங்குகிறவளுக்கு அது ஒன்றாவது தெரியவேண்டாமா? தேடியதில், ஏறக்குறைய எல்லா ஊர் வழக்கமும் அதுதான் என்று தெரிந்தது.

இங்கிலீஷ்காரர் 'குவில்ட்' என்று சொல்வது என்ன? மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி, நடுவில் கதகதப்புக்காகப் பஞ்சோ பழந்துணியோ; மூன்றும் நழுவாமல் ஊடே ஊசியைச் செலுத்தி வரிவரியாகத் தைத்த தையல். அவ்வளவுதான். மேல்துணி ஒரே துணியாகவும் இருக்கலாம். சிறு சிறு துண்டுகளை ஒட்டிச் சேர்த்ததாகவும் இருக்கலாம். துண்டு சேர்ப்பது வேறு, அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பது வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதி வித்தை வந்துவிட்டது.

வங்காளத்தில் இதற்குக் 'காந்தா' என்று பெயர். கந்தல் துணியைக் குறிக்கும் 'கந்தா' என்ற வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது அது. நாம் "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்கிறோமே, அந்தக் கந்தையும் அதே சொல்லின் வழிதான். நாம் கசக்கிக் கட்டியதோடு நின்றோம். வங்காளத்துப் பெண்கள் அதை அடுக்கித் தைத்தார்கள். நைந்து மெத்தென்று ஆகிவிட்ட வெள்ளை வேஷ்டிகளையும் புடவைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி, பழைய புடவைக் கரையிலிருந்து உருவிய வர்ண நூலையே ஊசியில் கோத்து, நடுவில் ஒரு தாமரை, நாலு மூலையிலும் நாலு மரம் என்று இழையோட்டினார்கள். குளிருக்குப் போர்த்திக்கொள்ளத் தடிமனாக ஒன்று, கண்ணாடி சீப்பைச் சுற்றிவைக்க ஒன்று, புஸ்தகத்தைச் சுற்ற ஒன்று, தலையணைக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர். கல்கத்தாவுக்கு அருகே ஜோகாவில் குருசதய தத்தர் திரட்டிய சேகரத்தில் 19ம் நூற்றாண்டுக் காந்தா ஒன்று உண்டு. மானதாசுந்தரி தாசி என்ற பெண்மணி தன் தகப்பனாருக்காகத் தைத்தது. தன் பெயரையும், யாருக்காகத் தைத்தாள் என்பதையும் அதிலேயே எழுத்தாகத் தைத்திருக்கிறாள். கடுதாசியில் எழுதியிருந்தால் எப்போதோ செல்லரித்துப் போயிருக்கும்!

பீகாரில் 'சுஜனி' என்பார்கள். பிறந்த குழந்தையைப் பழம்புடவைத் துணியால் தைத்த விரிப்பிலேதான் பொதிவார்கள். நம் பக்கத்திலும் பச்சைக் குழந்தைக்குப் புதுத்துணியை விடப் பழந்துணியே உகந்தது என்பார்கள் அல்லவா? கஞ்சியும் சாயமும் போய், நூறு தடவை துவைத்த துணியின் மென்மைக்குக் கடையில் விலை கிடையாது. முஸாபர்பூர் ஜில்லாவில் பூசுரா என்ற கிராமத்தைச் சுற்றி இந்தத் தையல் நலிந்திருந்த சமயத்தில், 1988 வாக்கில் விஜி ஸ்ரீநிவாசன் என்பவரின் முயற்சியால் மறுபடியும் தளிர்த்தது. பூவும் கொடியும் தைத்த பெண்கள், வரதக்ஷிணைக் கொடுமையையும் குடித்துவிட்டு வந்து அடிக்கும் புருஷனையும்கூடத் துணியில் தைக்க ஆரம்பித்தார்கள்.

மகாராஷ்டிரத்தில் 'கோதடி', வட கர்நாடகத்தில் 'கௌதி'. ஸ்ரீமதி சுதா மூர்த்தி 2017ல் வெளியிட்ட புத்தகத்துக்கு 'மூவாயிரம் தையல்கள்' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்தார். தேவதாசி வாழ்க்கையிலிருந்து மீண்ட 3,000 பெண்கள், ஆளுக்கு ஒரு தையலாகப் போட்டு ஒரு போர்வையை அவருக்குக் கொடுத்தார்களாம். அதே கர்நாடகத்தின் வடகன்னட ஜில்லாவில் சித்தி என்ற மக்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் சந்ததியார். அவர்களுடைய 'கவந்தி' ஒரு தனி தினுசு. நாமெல்லாம் நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குப் போவோம். அவர்கள் ஓரத்து மூலையில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். துண்டு ஒட்டுவதும் அடுக்குத் தைப்பதும் ஒரே ஓட்டத்தில் நடக்கிறது. நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியைப் 'பூ' என்று வைத்துத் தைத்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். பூ இல்லாத கவந்தி, அவர்கள் கண்ணுக்கு உடுத்தாத பெண்ணைப் போல!

இவ்வளவையும் அத்தையிடம் ஒப்பித்தேன். "எல்லாரும் கிணற்றிலே விழுந்தால் நீயும் விழுவாயா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

கடல் கடந்த கதை ஒன்றையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் 'ஜீஸ் பெண்ட்' என்று ஓர் ஊர். ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே பருத்திக் காட்டில் உழைத்தார்கள். குளிருக்குப் போர்த்திக்கொள்ள வாங்கக் காசில்லை. ஆகவே கிழிந்த காற்சட்டை, மாவுச் சாக்கு எது கிடைத்தாலும் தைத்தார்கள். 1966ல் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து விற்கத் தொடங்கினார்கள். 2002ல் அந்தக் கந்தல் போர்வைகளை நியூயார்க்கின் விட்னி மியூஸியத்தில் மகா சித்திரங்களைப் போல மாட்டினார்கள். 2006ல் அமெரிக்க சர்க்காரே அவற்றைத் தபால் தலைகளாக அச்சிட்டது.

அவற்றுள் ஒன்றுதான் என் மனசை விட்டு அகலவில்லை. மிஸ்ஸூரி பெட்வே என்ற பெண்மணி 1942ல் தைத்தது. புருஷன் இறந்துவிட்டான். அவன் வயலுக்குப் போட்டுக்கொண்டு போன உடுப்புகளை மகளைக் கூட வைத்துக்கொண்டு கிழித்துச் சேர்த்து ஒரு போர்வையாகத் தைத்தாள். அவனை நினைத்துக்கொள்ளவும், அவன் அன்பைப் போர்த்திக்கொண்டு படுக்கவும் வேண்டும் என்பதற்காகத்தான் தைத்தாளாம். வெளுத்த நீலமும் பழுப்பும்தான் நிறம். முழங்கால் மடங்கின இடத்தில் ஒரு வெளுப்பு, பையைப் பிரித்த இடத்தில் வெயில் படாத ஒரு கருநீலச் சதுரம் என்று, அந்த மாதிரி உழைப்பு உடுப்புப் போர்வைகளில் ஆளின் தடம் அப்படியே நின்றுவிடுகிறது.

அந்தப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "தையல் நேராக இல்லையே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் காப்பித் தம்ளரின் பக்கத்தில் சாவி இருந்தது. "அந்தக் கத்தரிப்பூக் கலர் சுங்குடி மட்டும் வேண்டாம், அம்மா" என்றார். மதுரையில் கல்யாணமான புதிதில் வாங்கியதாம்.

பீரோவைத் திறந்தபோது, "அப்படியே இருக்கட்டும்" என்ற அக்காவின் கட்சி தானாகவே தோற்றது. புடவைகள் அப்படியே இருக்கச் சம்மதிக்கவில்லை. ஒரு காஞ்சிபுரம் பருத்திப் புடவையை எடுத்துப் பிரித்தேன். மடிப்பு விழுந்திருந்த கோட்டிலேயே, ஒரு சத்தமும் இல்லாமல், முழ நீளத்துக்கு விட்டுக்கொண்டது. வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடக்கும் துணிக்கு அதுதான் கதி. சிலதில் பூஞ்சணப் புள்ளி. ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, இரண்டு கட்டை விரலாலும் இழுத்துப் பார்த்து, முழுசாக நிற்பது, அங்கங்கே விட்டுப்போனது என்று இரண்டாகப் பிரித்தேன். விட்டுப்போனவை 9. இழுத்தால் பொடிந்து போகிற பாகத்தைத் தயவு தாட்சண்யம் பார்க்காமல் ஒதுக்கிவிட வேண்டும். அதை எவ்வளவு ஆசையாகத் தைத்தாலும் முதல் துவைப்பில் கிழியும்.

இனி, காரியத்துக்கு வருவோம். நீங்களும் உங்கள் அடித்தட்டைத் திறந்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாயம். நனைத்த வெள்ளைக் கைக்குட்டையைப் புடவையின்மேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தால் சரி. சிவப்போ நீலமோ ஏறினால் அந்தப் புடவை இன்னும் வம்புக்காரி என்று அர்த்தம். கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது நம் பாட்டிமார் நம்பிக்கை; முன்பே சாயம் ஏறி முடிந்த துணியில் உப்பு பெரிதாக ஒன்றும் சாதித்துவிடாது. தண்ணீர் தெளிகிற வரையில் திரும்பத் திரும்ப அலசுவதுதான் வழி. சாயம் போவதைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்வார்கள். 1958ல் நம் ஊர் 'மெட்ராஸ்' கட்டம்போட்ட துணியை அமெரிக்காவுக்கு அனுப்பினார்களாம். தண்ணீரில் போட்டால் சாயம் விடும் என்ற எச்சரிக்கையை அங்கே வாங்கியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரே கூச்சல். வியாபாரிகள் லேசுப்பட்டவர்களா? "சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்!" என்று அதையே ஒரு பெருமையாக விளம்பரம் செய்து விற்றுத் தீர்த்தார்களாம். நமக்கு அந்தச் சாமர்த்தியம் வேண்டாம். வெள்ளைத் துண்டுக்குப் பக்கத்தில் சிவப்புத் துண்டு அழுதால் போர்வையே பாழ்.

துணிகளுக்குள் ஜாதி பார்க்கத்தான் வேண்டும், இந்த ஒரு விஷயத்தில். பருத்தியோடு பருத்தி. சுங்குடி, கண்டாங்கி, காஞ்சிப் பருத்தி எல்லாம் ஒன்றோடொன்று நன்றாக ஒத்துப்போகும். செயற்கைப் பட்டும் நைலக்ஸும் வழுக்கும். நம் வெயிலுக்கு வியர்த்து ஒட்டும். பட்டைப் பருத்தியோடு சேர்த்தால் துவைக்கிற போது தகராறு. பனியன் துணி இழுபடும். கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஜரிகைக் கரை அழகுதான், ஆனால் உடம்பில் குத்தும். குழந்தைக்கு என்றால் கட்டாயம் எடுத்துவிடுங்கள். ஃபால்ஸைப் பிரித்து எறிந்துவிடாதீர்கள். அதற்கு ஓர் உத்தியோகம் வைத்திருக்கிறேன்.

இப்போது அத்தையின் ஆட்சேபத்துக்கு வருகிறேன். கத்தரியே வைக்காமல் போர்வை தைக்க முடியுமா? பேஷாக முடியும். ஆறு கஜப் புடவை 216 அங்குலம் நீளம். அகலம் சுமார் 46. நீளவாக்கில் நாலாக மடித்தால் 54க்கு 46 அங்குலம், நாலு அடுக்கு. ஒரு குழந்தைக்கு விரிக்க இதைவிட வாகான அளவு வேண்டியதில்லை. ஒரு வெட்டுக் கிடையாது. முந்தானை மேலே வருகிற மாதிரி மடித்தால் சித்திர வேலையும் தயார். ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்து, பிறகு வரிவரியாக இழையோட்டினால் காந்தாவேதான். தங்கைக்கு மாம்பழ நிறத்தில் ஒரு கண்டாங்கியை இப்படித்தான் மடித்துப் போட்டேன். அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து, "வெட்டவில்லையே?" என்று இரண்டு தடவை கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டாள். அரை மணி நேரம் என் தையலைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல், "நூலைக் கோத்து இப்படிக் கொடு. பல்லிமுட்டை மாதிரி தைக்கிறாயே!" என்று ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள். அத்தையின் தையலில் அங்குலத்துக்கு எட்டு. என்னுடையதில் ஐந்து. நீங்கள் புதியவரானால் நாலே போதும். ஒரே அளவாக இருப்பதுதான் முக்கியம்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்று. ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்கும்போது போர்வையை மேலே போர்த்தவோ பக்கத்தில் குவித்து வைக்கவோ கூடாது என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். முகத்தில் விழுந்து மூச்சு முட்டும். விழித்திருக்கும்போது தரையில் விரித்து, குழந்தையைக் குப்புற விட்டு, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். போர்த்திக்கொள்ள வயது வரும்போது வரட்டும்.

பெரியவர்களுக்கு 60க்கு 92 அங்குலத்தில் வேண்டுமானால் வெட்டாமல் தீராது. ஒரு புடவையில் 60 அங்குலத் துண்டு மூன்று போக 36 அங்குலம் மிஞ்சும். இரண்டு துண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் ஓர் அடுக்கு. ஆக இரண்டு புடவைக்கு மூன்று அடுக்கு, கை மிச்சம் இரண்டு கஜம்; அதில் தலையணை உறை. அம்மா இருந்தால் இந்தக் கணக்கைப் பலகையிலே போட்டு வகுப்புக்கே காட்டியிருப்பாள். வெட்டுவதற்குக்கூடக் கத்தரி வேண்டியதில்லை. கரையில் ஒரு சின்ன வெட்டுக் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் கிழியுங்கள். பருத்தி தன் ஊடை நூலோடேயே நேராகக் கிழியும். அந்த நேர்த்தி எந்தக் கத்தரிக்கும் வராது. கிழிக்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் வயிற்றைப் பிசையும். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

துண்டு சேர்க்கிற வேலை இன்னும் சுவாரசியம். அந்த 9 புடவையில் நல்ல பாகங்களைச் சதுரமாக வெட்டினேன். கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை நாலரை அங்குலச் சதுரமாக வெட்டி வைத்துக்கொண்டு அதையே அளவாக வரைந்து வெட்டலாம். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போனால் முடிந்த சதுரம் 4 அங்குலம். மூன்றுக்கு மூன்று, ஒன்பது சதுரம் சேர்ந்தால் ஒரு 12 அங்குலக் கட்டம். வெளுப்பும் கருமையும் மாறி மாறி வந்தால் எடுப்பாக இருக்கும். 48க்கு 60 அங்குலத்தில் ஒரு விரிப்புக்கு இப்படி 20 கட்டம், அதாவது 180 சதுரம். பயந்துவிடாதீர்கள். தினம் ஒரு கட்டம், மூன்று வாரத்துக்குள் முடிந்தது. கால் அங்குலம் என்பதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். ஒவ்வொரு தையலிலும் ஒரு நூல் பிசகினாலும் கடைசியில் மூலைகள் கூடாது, முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு தையலையும் முடித்தவுடன் கருமையான துணிப் பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போட்டுவிடுங்கள்.

சதுரம் அலுத்தால் 'லாக் காபின்' என்று ஒரு முறை. அமெரிக்கக் குடியானவர்களின் மரக்கட்டை வீட்டைப் பார்த்து வைத்த பெயர். நடுவில் ஒரு சிறு சிவப்புச் சதுரம். அது வீட்டின் அடுப்பாம். அதைச் சுற்றி நீளத் துண்டுகளைச் செங்கல் அடுக்குவதுபோல் ஒவ்வொரு பக்கமாகச் சேர்த்துக்கொண்டே போகவேண்டும். ஒரு பாதி வெளுப்பு, மறு பாதி கருமை. நம் புடவைக் கரைகளுக்கென்றே ஏற்பட்டது போலிருக்கிறது இந்த முறை. இதைவிட ஆசை இருந்தால், அயோவா மாகாணத்தில் எல்லன் பேக்கர் என்ற மாதரசி செய்ததைச் செய்யலாம்: கம்பளித் துணியில் சூரியனையும் கிரகங்களையும் ஒரு வால்நட்சத்திரத்தையும் தைத்து, 1876 என்று மூலையில் போட்டு, அந்தப் போர்வையைத் தொங்கவிட்டே வானசாஸ்திரம் போதித்தாள்!

அடுக்குகளைச் சேர்ப்பதில்தான் பொறுமை வேண்டும். அடித்துணியைத் தரையில் விரித்து நாலு பக்கமும் ஒட்டு நாடாவால் இழுத்து ஒட்டிவிடுங்கள். அதன்மேல் நடுத்துணி, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிக்கொண்டே போய்ச் சுருக்கத்தை எடுத்தபின், நாலு அங்குலத்துக்கு ஒரு வரியாக நீள நீளமான இழையை ஓட்டிக்கொள்ளுங்கள். இது பிறகு பிரித்துவிடப் போகிற தையல். அவசரப்பட்டு இதைத் தள்ளிவிட்டால் உள்ளே துணி சுருண்டு கட்டியாகிவிடும். சென்னைக்கு நடுவில் பஞ்சு வேண்டவே வேண்டாம். ஒரு பழைய வேஷ்டி போதும். மாப்பிள்ளை பெங்களூரிலோ ஊட்டியிலோ இருந்தால் கடையில் விற்கிற தகடுப் பஞ்சை வைக்கலாம். உதிரிப் பஞ்சை வைத்தால் துவைக்கும்போது ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துகொள்ளும்.

ஊசி குட்டையாக இருக்கட்டும். நூல் பருத்தியாக இருக்கட்டும். ஒரு முழத்துக்கு மேல் நூல் கோக்காதீர்கள். நீள நூல் சோம்பேறித்தனம். அது சிக்கிக்கொண்டு உங்கள் நேரத்தை வாங்கும். தேன்மெழுகில் ஒரு தடவை இழுத்தால் முறுக்கு விழாது. முடிச்சை வெளியில் விடாமல், சுண்டி இழுத்து இரண்டு துணிக்கு நடுவில் புதைத்துவிடலாம். 'டுப்'பென்று ஒரு சத்தத்தோடு உள்ளே போகும்போது ஏற்படுகிற திருப்தி இருக்கிறதே, அதை அனுபவித்தால்தான் தெரியும். நடுவிரலுக்கு அங்குஸ்தான் போட்டுக்கொள்ளுங்கள். மிஷினில் தைக்க விரும்புகிறவர்கள் தையலை நீளமாக வைத்து நிதானமாக ஓட்டவேண்டும். மேலடுக்கு முந்திக்கொண்டு ஓடாமல் பிடித்துக்கொள்ள 'வாக்கிங் ஃபுட்' என்று ஒரு சாதனம் விற்கிறார்கள். மிஷின் கண்டிப்பாகப் பலம். ஆனால் பழந்துணிக்குக் கைத்தையல்தான் இதமானது என்பது என் கட்சி.

ஓரம் கட்டுவதற்குத்தான் ஃபால்ஸ். இரண்டு ஃபால்ஸை நெடுக்கில் இரண்டிரண்டாகக் கிழித்து ஒன்றாக இணைத்தால் ஒரு பெரிய போர்வையின் நாலு பக்கத்துக்கும் தாராளமாகக் காணும்.

மிஞ்சின துண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். இரண்டு சதுரத்துக்கு நடுவில் பழைய ஜீன்ஸ் துணியை வைத்துத் தைத்தால் சூடான பாத்திரம் இறக்கப் பிடிதுணி. நாலு கட்டம் சேர்ந்தால் சோபாத் திண்டு உறை. வங்காளத்தார் போலப் புஸ்தகத்துக்கு ஒரு சுற்றுத் துணி தைக்கலாம்; சமையல் குறிப்பு நோட்டுக்கு எண்ணெய்க் கறை படாமல் இருக்கும். கரைத் துண்டுகளை வரிசையாக இணைத்துக் கொலுப் படிக்கு விரிக்கலாம். தஞ்சாவூரில் தொம்பைக்கும் தேர்ச்சீலைக்கும் துண்டு துண்டாக ஒட்டித் தைக்கிறவர்களின் கைவேலையைப் பார்த்திருந்தால் உங்களுக்கு இன்னும் பல யோசனைகள் தோன்றும்.

அப்பாவின் போர்வைக்கு மேல்துணி சேர்ந்து முடிந்தது. அடித்துணிக்கு எந்தப் புடவை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து நின்றார். "அந்தச் சுங்குடியை வெட்டாமல் போட வழி உண்டா?" என்று கேட்டார். மூன்றாக மடித்தால் 72க்கு 46 அங்குலம். ஆறடி நீளம், மூன்று அடுக்கு. அப்படியே மடித்துப் போட்டு, அதன்மேல் மற்ற 9 புடவைகளின் சதுரங்கள். தூங்கும்போது சதுரம் மேல் பக்கம், சுங்குடி உடம்பின்மேல்.

பெயரும் வருஷமும் போடாமல் போர்வையை முடிக்கக் கூடாது. ஐம்பது வருஷம் கழித்து எடுத்துப் பார்க்கிறவர்களுக்கு வேறு எப்படித் தெரியும்? அம்மாவின் பெயரையும் வருஷத்தையும் ஒரு மூலையில் தைக்க உட்கார்ந்தேன். "எந்தப் பக்கம் தைக்கிறாய்? கால்மாட்டிலே பெயர் வந்துவிடப் போகிறது!" என்று பதறினாள் அத்தை. அவள் சொன்னது சரிதான். நாலு மூலையும் ஒன்றுபோல இருந்தால் ராத்திரி இருட்டில் யாருக்குத் தெரியும்? ஆகவே தலைமாட்டுப் பக்கத்து இரண்டு மூலையிலும் சித்தி மக்கள் செய்வதுபோல முக்கோணப் பூ வைத்து, அந்தப் பக்கமே பெயரையும் தைத்தேன். கையால் தடவினாலே தெரிந்துவிடும். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

துவைப்பதற்குக் குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் சோப்பு, நிழலில் உலர்த்தல். முறுக்கிப் பிழியவேண்டாம். மிஷினில் போட்டால் மெதுவான ஓட்டத்தில், வலைப் பைக்குள் போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் பழைய நூல் இற்றுப்போகும். கட்டில்மேலோ மொட்டைமாடிப் பாயிலோ பரப்பி உலர்த்துவதுதான் நல்லது.

அக்கா பொங்கலுக்கு வருகிறாள். மீதி 23 பருத்திப் புடவையை என்ன செய்வது என்று அவளும் அத்தையும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். 7 பட்டுப் புடவைகளில் யாரும் கத்தரி வைக்கப்போவதில்லை. அவற்றைப் பழைய வெள்ளை வேஷ்டியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து, முன் மடித்த கோட்டில் மடிக்காமல் வேறு கோட்டில் மடித்து வைக்கிறேன். நாஃப்தலீன் உருண்டையை ஜரிகைமேல் படும்படி போடாதீர்கள்; தனியாக ஒரு துணியில் முடிந்து தட்டின் ஓரத்தில் வைத்தால் போதும்.